மாரி மழையும் விடுமுறையும் சின்னப் பிள்ளையும்: நாள் குழம்பும்போது எதை முதலில் பார்ப்பது

இரணைமடுக் குளத்தின் நீர் பாயும் கிராமம் ஒன்றில் நான் முன்பள்ளி நடத்துகிறேன். மூன்று பிள்ளைகளுக்குத் தாயும் கூட. டிசம்பரில் முன்பள்ளியை மூடும் நாளில் தாய்மார் சிரித்த முகத்தோடு பிள்ளைகளைக் கூட்டிச் செல்வார்கள். பொங்கல் முடிந்து திரும்பி வரும்போது பலரின் முகத்தில் அந்தச் சிரிப்பு இருப்பதில்லை. "ரீச்சர், எப்ப திறப்பீங்கள் எண்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தனான்" என்று ஒருவர் அல்ல, பலர் சொல்லியிருக்கிறார்கள். விளக்கீடு, பிள்ளையார் கதை, திருவெம்பாவை, நத்தார், புத்தாண்டு, தைப்பொங்கல் என்று ஆண்டின் இனிய நாட்கள் எல்லாம் எங்களுக்கு மாரியிலேயே வருகின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கும் அவற்றில் ஒரு பங்கு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கீழே உள்ளவை ஆண்டுதோறும் என்னிடம் வந்த முறைப்பாடுகள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். எந்தக் கட்டத்தில் வைத்தியரையோ குடும்பநல உத்தியோகத்தரையோ தேட வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டில் தெரிகிற அறிகுறியை மட்டும் தேடி வாசித்தால் போதும்.

அறிகுறி: மழை நாளில் பிள்ளை காரணமில்லாமல் சிணுங்குகிறது, தாயை ஒரு நிமிடம் இருக்க விடுவதில்லை

முதலில் பிள்ளையின் கழுத்தின் பின்புறத்தையும் காற்சட்டையின் கீழ்விளிம்பையும் உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்கள். தகரக் கூரை ஒழுகும் வீட்டிலும் சரி, சீமெந்து நிலம் ஈரம் பிடித்திருக்கும் வீட்டிலும் சரி, பெரியவர்களின் கண்ணுக்குத் தெரியாத ஈரம் பிள்ளையின் உடுப்பில் ஏறியிருக்கும். குளிர்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை சிணுங்கத்தான் செய்யும். உடுப்பை மாற்றிச் சற்று நேரம் மடியில் வைத்திருந்த பின் அழுகை நின்றால் பிழை அவ்வளவுதான்.

ஈரம் இல்லையென்றால் மணிக்கூட்டைப் பாருங்கள். வெயில் எறிக்காத நாளில் வீட்டின் நேரமே குழம்பிவிடுகிறது. காலைச் சாப்பாடு பத்து மணிக்குப் போகிறது, மதிய நித்திரை நான்கு மணிக்குத் தொடங்குகிறது. பின்னேரம் ஐந்தரைக்கு எழும்பும் மூன்று வயதுப் பிள்ளை இரவு பதினொரு மணிக்கு முன் கண் மூடப்போவதில்லை. அதுவரை தாயும் மூட முடியாது. விடுமுறை என்றாலும் சாப்பாட்டு நேரத்தையும் நித்திரை நேரத்தையும் முன்பள்ளி நாட்களில் இருந்தபடியே வைத்திருங்கள். விடுமுறையைக் காப்பாற்றும் காரியங்களுள் இதற்கு நிகரானதை நான் கண்டதில்லை.

இரண்டும் சரியென்றால், பிள்ளையின் உடம்பில் அன்றைய ஓட்டம் இன்னும் செலவாகவில்லை என்று கொள்ளுங்கள். இதற்கு மருந்து வெளியே இருக்கிறது. இடி மின்னல் இல்லாத தூறலில், மழை விட்ட இடைவெளியில், அரை மணி நேரம் முற்றத்தில் இறங்க விடுங்கள், நீங்களும் இறங்குங்கள். நனைந்தால் தடிமன் வரும் என்று அம்மம்மாமார் தடுப்பார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். தடிமன் இன்னொருவரிடமிருந்து தொற்றுவது என்பதையும், உள்ளே வந்ததும் தலை துவட்டி உலர்ந்த உடுப்புப் போடுவேன் என்பதையும் மரியாதையாகச் சொல்லிவிட்டு இறங்குங்கள். பீலியிலிருந்து விழும் நீரின் கீழே ஒரு வாளியை வைத்துக் கத்திக்கப்பல் ஒன்றை மடித்து விட்டால் பிள்ளை எத்தனை நேரம் நிற்கிறது என்று பாருங்கள். என் கடைசி மகள், கப்பல் நனைந்து மூழ்கியதும் அதை எடுத்துப் பிழிந்து, "அம்மா, இதைக் காயப்போடுங்கோ" என்று தருவாள். அடுப்படிக் கொடியில் அவளுடைய ஏழெட்டுக் கப்பல்கள் வரிசையாகத் தொங்கிய மாரி ஒன்று இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

முற்றத்தில் விடும்போது வேலியோரம் ஒரு கண் இருக்கட்டும். கார்த்திகைப் பூ அழகானது, பிள்ளைகளுக்கு அதன் மீது ஆசை. ஆனால் அந்தச் செடியின் எல்லாப் பகுதியும் நஞ்சு, கிழங்கு மிகக் கொடியது. காட்டலாம், வாயில் வைக்க விடக்கூடாது.

வெளியே இறங்கவே முடியாத அடைமழை என்றால், பிள்ளையை வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரொட்டி மாவில் ஒரு உருண்டை, பயறு கிள்ளிப்போட ஒரு சுளகு, இரண்டு கதிரைகளுக்கு மேல் ஒரு பழைய சேலை போட்ட கூடாரம் என்பன போதும். ரொட்டி கோணலாக வரும், குசினி மாவாகும். கூட்டித் துடைக்கப் பதினைந்து நிமிடம் ஆகும் என்று முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டால் கோபம் வராது. கைத்தொலைபேசியைக் கையில் கொடுப்பதைக் கடைசி வழியாக வைத்திருங்கள். அதனால் அழுகை உடனே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைத் திரும்ப வாங்கும்போது வரும் அழுகை முன்னதிலும் நீளமானது.

இவ்வளவுக்கும் பின்னர் பிள்ளை விளையாட மறுத்து, குடிக்க மறுத்து, மடியிலும் ஆறாமல் அழுதால் அது அலுப்பல்ல. காய்ச்சல் பகுதிக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: பிள்ளை திடீரென்று சத்தமில்லாமல் போய்விட்டது

இதை வாசித்து முடிக்கும் வரை காத்திருக்கக்கூடாத அறிகுறி இது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே முதலில் தண்ணீரிடம் ஓடுங்கள்: கட்டில்லாத கிணறு, வாய்க்கால், மண் எடுத்த கிடங்கு, முற்றத்தில் நிரம்பிய பெரிய வாளி. அறை, கட்டிலின் கீழ், பக்கத்து வீடு எல்லாம் அதற்குப் பின்னரே. நீரில் மூழ்கும் சிறு பிள்ளை கத்துவதில்லை. மாரி தொடங்குவதற்கு முன்பே கிணற்றுக்கு மூடியோ கம்பி வலையோ போடுவதும், கிடங்கை மூடுவதும், வாளிகளைக் கவிழ்த்து வைப்பதும் பெரும்பாலும் செலவில்லாதவை. கிணற்றுக்குக் கட்டு எழுப்புவது செலவானது, ஆனால் பொங்கலுக்குப் புதுச்சேலை வாங்கும் காசை நான் அதற்கே கொடுப்பேன்.

தண்ணீரில் இல்லையென்றால் மண்ணெண்ணெயைப் பாருங்கள். மின்சாரம் தடைப்படும் இந்த நாட்களில் குளிர்பானப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். பிள்ளைக்கு அது குளிர்பானம்தான். குடித்துவிட்டதென்று தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், பாலும் கொடுக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியைப் பெறுங்கள், அல்லது கிடைக்கும் வாகனத்தில் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இன்னொன்று எங்கள் மண்ணுக்கே உரியது. வெள்ளம் மண்ணை அரித்த பின் பழைய வெடிபொருட்கள் மேலே வரக்கூடும். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடக்கூடாது என்று மூன்று வயதிலேயே பழக்குங்கள். கண்டால் பிள்ளைகளை விலக்கி, அந்த இடத்துக்கு அடையாளம் வைத்து, 119 இல் பொலிசாருக்குச் சொல்லுங்கள்.

அறிகுறி: இரவில் இருமுகிறது, மூக்கடைக்கிறது, வீடே நித்திரை கொள்வதில்லை

முதற்காரணம் பெரும்பாலும் புகை. விறகு நனைந்திருக்கும், கதவுகள் அடைத்திருக்கும், நுளம்புத்திரியும் எரியும். பிள்ளையின் நெஞ்சு அதைத்தான் இரவு முழுதும் தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு கிழமைக்கான விறகை மழைக்கு முன் தறப்பாளின் கீழ் அடுக்கி வையுங்கள். பிள்ளை படுக்கும் அறையில் திரியைக் கொளுத்தாமல் நுளம்பு வலையைக் கட்டுங்கள். இந்த இரண்டு மாற்றத்தால் மூன்று இரவுகளில் இருமல் பாதியாகக் குறைந்த வீடுகள் என் முன்பள்ளியிலேயே உண்டு.

அடுத்தது குளிர். வன்னிக்குக் குளிர் வராது என்று எண்ணியிருந்தோம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. அந்த இரவுகளில் எங்கள் வீட்டுச் சீற்றுச் சுவரின் இடுக்குகளில் பழைய சாரங்களைச் செருகிக்கொண்டே விடிந்தது. தரையில் பாயை மட்டும் விரிக்காமல் அதன் கீழே உலர்ந்த சாக்கோ மெத்தையோ போடுங்கள். தொப்பியும் காலுறையும் போட்டு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் முகத்தருகே போர்வை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்குத் தாயின் உடம்புச் சூட்டுக்கு மிஞ்சிய ஸ்வெற்றர் இல்லை.

மூக்கடைப்புக்குக் கொதித்தாறிய நீரில் சிட்டிகை உப்புக் கலந்து இரு துளி விட்டுத் துடைத்தால் பால் குடிக்க முடியும். ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்கு வெதுவெதுப்பான மல்லித் தண்ணீரும், இருமலுக்குச் சிறிதளவு தேனும் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. எங்கள் காட்டுத் தேன் எவ்வளவு சுத்தமானாலும் அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிசுவின் குடலில் நஞ்சை உண்டாக்கும். இதைச் சொல்லும்போது முதியவர்கள் மனம் நோகிறார்கள். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். கொதிநீர் ஆவி பிடிக்க வைப்பதால் எத்தனையோ பிள்ளைகள் வெந்திருக்கிறார்கள், ஆகவே வேண்டாம். கற்பூரம் சேர்ந்த பூச்சை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பூச வேண்டாம். வைத்தியர் சொல்லாமல் இருமல் சிரப் வாங்க வேண்டாம்.

வைத்தியசாலைக்குப் போவதா என்று தீர்மானிக்க மணிக்கூடு ஒன்று போதும். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே காட்டுங்கள். மூச்செடுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால், உதடு நீலம் பூத்தால், பால் குடிக்க முடியாமல் போனால், விடியும் வரை காத்திருக்காமல் அந்த நேரமே 1990 இற்கு அழையுங்கள்.

அறிகுறி: காய்ச்சல்

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் என்றால் வீட்டில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அதற்கு மேற்பட்ட பிள்ளை விளையாடுகிறது, குடிக்கிறது, சிறுநீர் கழிக்கிறது என்றால், முதலாம் இரண்டாம் நாட்களில் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். கொடுக்கக்கூடிய மருந்து பரசிட்டமோல் மட்டும்: எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. சிரப் போத்தல்களின் செறிவு வேறுபடும். 5 மில்லிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்று லேபிளில் பார்த்துக் கணக்கிடுங்கள், கணக்கு வராவிட்டால் மருந்துக் கடையில் எடையைச் சொல்லி எழுதுவித்துக்கொள்ளுங்கள். இபுபுரூபன், அஸ்பிரின் இரண்டும் வேண்டாம். மாரிக் காய்ச்சலில் டெங்கு ஒளிந்திருக்கும், அந்த மருந்துகள் குருதிக்கசிவைக் கூட்டும்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் தொடர்ந்தால் இரத்தம் சோதிக்கச் செல்லுங்கள். காய்ச்சல் இறங்கிவிட்டதே என்று நான்காம் ஐந்தாம் நாட்களில் கவனத்தைத் தளர்த்திவிடாதீர்கள். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, குளிர்ந்த கைகால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லாமை, எங்கிருந்தாவது இரத்தம், அசாதாரண மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எது அருகிலோ அந்த மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு நேரே செல்லுங்கள். நத்தார் ஆராதனையும் பொங்கலும் அடுத்த ஆண்டும் வரும்.

அறிகுறி: வயிற்றோட்டம்

நீரைச் சந்தேகியுங்கள். 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளக்காடானபோது வீட்டுக்கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே நீரில் நின்றன. அது ஒருமுறை மட்டும் நடப்பதன்று. வெள்ளம் தொட்ட கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் இட்டுத் தரும்வரை குடிக்கப் பயன்படுத்த வேண்டாம்; வேறிடத்து நீரையும் கொதிக்க வைத்தே கொடுங்கள். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புக் கலவையான ஜீவனி பைக்கற் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்து, 24 மணித்தியாலத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், வற்றிய வாய், எழுப்ப முடியாத சோர்வு என்றால் வைத்தியசாலை.

அறிகுறி: நள்ளிரவில் எழும்பிப் பிள்ளை வயிற்றைப் பிடித்து அழுகிறது, கண் இமை சொருகுகிறது

தரையில் படுத்திருந்த பிள்ளை என்றால் பாம்புக்கடியை நினையுங்கள். மழைக்கு வீட்டுக்குள் வரும் எண்ணெய் விரியன் நித்திரையில் கடித்தால் நோவோ தடமோ பெரும்பாலும் தெரிவதில்லை. வயிற்றுவலியும் இமைச் சொருகலும் பேச்சுக் குழறலுமே முதலில் வரும். கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம், பார்வை பார்க்கக் கொண்டுபோக வேண்டாம். பிள்ளையை அசைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள், விஷமுறி மருந்து அங்கேதான் இருக்கிறது. தடுப்பதற்கு ஒரு கட்டிலும், பாயின் கீழே ஓரங்களைச் செருகிய நுளம்பு வலையும் போதும்.

அறிகுறி: உடுப்புகள் காய்வதில்லை, பிள்ளையின் தொடையிடுக்கு சிவந்திருக்கிறது

சவர்க்காரம் நன்றாக அலசப்படாமல் இருக்கலாம். மழையில் அவசரமாக அலசுகிறோம். இன்னொரு வாளி நீரில் அலசுங்கள். கொடியை அடுப்புக்கு நேர் மேலே கட்டாமல் பக்கவாட்டில் கட்டுங்கள். பிள்ளையை ஒரு நாளில் பலமுறை துண்டில்லாமல் உலர்ந்த பாயில் விட்டு, தேங்காயெண்ணெய் தடவுங்கள். மூன்று நாளில் ஆறாவிட்டால், அல்லது சிவப்பின் ஓரத்தில் சிறு பொட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சணமாக இருக்கும். கிளினிக்கில் காட்டிப் பூச்சு மருந்து பெறுங்கள்.

அறிகுறி: எல்லோரும் கூடியிருக்கும் நல்ல நாளில் பிள்ளை மட்டும் அழுது குழப்புகிறது

இதைப் பற்றி நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தாய்மார் அதிகம் கண்ணீர் விடுவது இங்கேதான். என் இரண்டாவது மகனின் முதற்பொங்கலுக்கு இரண்டு பக்க உறவுகளையும் அழைத்திருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, முந்திய நாள் சுட்ட பயற்றம் பணியாரத்தை அடுக்கி, பொங்கி, பரிமாறி முடிப்பதற்குள் அவன் பதினொரு பேரின் கைகளில் மாறியிருந்தான். ஒன்பது மணிக்கு அவன் கதறத் தொடங்கினான். "அம்மாவின் கை பழகிப்போச்சுது, விட்டுப் பழக்கோணும் பிள்ளை" என்று ஒரு மாமி சொன்னார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். அவனுக்குப் பசி, நித்திரை, புதுச்சட்டைக் கழுத்தின் உறுத்தல் என்ற மூன்றுமே இருந்தன என்பதை நான் மாலையில்தான் கண்டுபிடித்தேன்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சட்டை. புதுச்சட்டையை ஒருமுறை துவைத்து, கழுத்து லேபிளை வெட்டி, பழைய பருத்திப் பெனியனுக்கு மேல் போடுங்கள். படம் எடுத்து முடிந்ததும் மாற்றிவிடலாம்.

அடுத்தது கைகள். ஒரு வயதை அண்டிய பிள்ளை புதுமுகங்களுக்கு அழுவது வளர்ச்சியின் அடையாளம், வளர்ப்பின் குறையல்ல. "இவன் இன்னும் கொஞ்ச நேரம் என்ரை மடியில இருக்கட்டும் மாமி, பிறகு தானா வருவான்" என்று முகம் மலர்ந்து சொல்லிப் பழகுங்கள். ஆட்கள் வரும்போது ஒரு சின்ன அறையை, அல்லது சேலைத் திரையால் மறைத்த ஒரு மூலையை, பிள்ளைக்கும் உங்களுக்கும் என்று வைத்திருங்கள். பால் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லி அங்கே இருபது நிமிடம் இருந்தால் பிள்ளையோடு நீங்களும் ஆறுவீர்கள்.

மூன்றாவது, நாளின் அளவு. திருவெம்பாவைப் பத்து நாளும் விடியற்காலையில் கோயிலுக்குப் போக வேண்டும், நத்தாருக்கு நள்ளிரவுத் திருப்பலிக்கும் போக வேண்டும், புத்தாண்டுக்கு மூன்று வீடுகளுக்கும் போக வேண்டும் என்று தொடங்கினால் பிள்ளை உடையும். எதில் உங்கள் மனம் அதிகம் நிறையுமோ அதை ஒன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். திருவெம்பாவைக்குக் கடைசி நாள் மட்டும் போகலாம். நள்ளிரவுக்குப் பதில் காலைத் திருப்பலிக்குப் போகலாம். குறைத்ததற்காக யாரும் குறை நினைத்தால் அது இரண்டு நாளில் மறந்துபோகும். பிள்ளையோடு அமைதியாக இருந்த ஒரு பொங்கல் உங்களுக்கு மறக்காது.

நான்காவது, பிள்ளைக்கு அன்றைய நாளில் ஒரு வேலை. பொங்கல் பானை பொங்கியதும் அரிசியிடும் முதற்பிடியை மூன்று வயதுக்காரியின் கையில் கொடுங்கள். நீங்கள் அவள் முழங்கையைப் பிடித்திருக்க, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து அரிசியை விடுவதைப் பாருங்கள், பாதி கையிலேயே ஒட்டியிருக்கும். விளக்கீட்டுக்கு எண்ணெய் விடும் கரண்டி அவளுடையதாகட்டும், தீக்குச்சி உங்களுடையதாகட்டும். கோலத்தை அடுப்பிலிருந்து நான்கு முழம் தள்ளிப் பெரிதாகப் போட்டு, அதன் வெளிக்கோட்டைத் தாண்டக்கூடாது என்று விளையாட்டாகச் சொல்லி வையுங்கள். பிள்ளைகள் கோட்டுக்குக் கட்டுப்படுவார்கள். தப்பித்தவறிச் சுட்டுவிட்டால் கிணற்று நீரை இருபது நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள். பற்பசை, நெய், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். பிள்ளையின் உள்ளங்கையை விடப் பெரிய காயம், அல்லது முகம், கை, மறைவிடம் என்றால் சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பலகாரத் தட்டில் கச்சானும் கடின முறுக்கும் சிறு பிள்ளைக்கு எட்டக்கூடாது. ஐந்து வயதுக்கு முன் முழுக் கச்சான் மூச்சுக்குழாயில் போய்விடும். பணியாரத்தைப் பிட்டும் பனங்கிழங்கின் நாரை உரித்து நன்றாக மசித்தும் கொடுக்கலாம்.

அறிகுறி: வெடிச் சத்தத்துக்குப் பிள்ளை ஒளிகிறது

முன்கூட்டிச் சொல்லுங்கள், காதைப் பொத்திக் காட்டுங்கள், மடியில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து மத்தாப்பின் ஒளியை மட்டும் காட்டுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது போதும்.

போதவில்லையென்றால் பிள்ளையின் முகத்தை விட்டு உங்கள் முகத்தைப் பாருங்கள். 2009 இல் பதினைந்து வயதாக இருந்தவர்கள் இன்று எங்கள் முன்பள்ளித் தாய்மார். புத்தாண்டு நள்ளிரவில் பக்கத்து வீட்டில் சீனவெடி வெடித்ததும் தாயின் உடம்பு பதுங்குகுழியை நினைத்துக்கொள்கிறது. தோள் இறுகுகிறது, கை பிள்ளையை இறுக்கிப் பிடிக்கிறது. பிள்ளை அந்தக் கையிலிருந்துதான் பயத்தைக் கற்றுக்கொள்கிறது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. வெடி போடும் அயலவரிடம் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்திருங்கள். அந்த நேரத்தில் பிள்ளையை இன்னொருவர் மடியில் விடுங்கள். உங்கள் வீட்டுக்கு வெடி வாங்காதீர்கள். சத்தம் முடிந்த பின்னும் நடுக்கமும் கெட்ட கனவும் நாட்கணக்கில் தொடர்ந்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். என்னுடன் படித்த ஒருத்தி பத்து ஆண்டுகள் தாமதித்துப் போனாள். இந்த ஆண்டு மத்தாப்புக் கொளுத்தினாள்.

அறிகுறி: பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, தாய்க்குத்தான் எதிலும் சந்தோசமில்லை

முதற்சோதனை: இன்று சூடாக ஏதாவது சாப்பிட்டீர்களா, உட்கார்ந்து சாப்பிட்டீர்களா? பிள்ளை விட்ட மிச்சத்தை நின்றபடி வாயில் போட்டதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டாவது, நேற்று இடையில் எழும்பாமல் எத்தனை மணி நேரம் நித்திரை கொண்டீர்கள்? நான்குக்குக் குறைவென்றால் பலகாரம் சுடும் வேலையை இன்றே நிறுத்துங்கள். கடையில் கால் கிலோ முறுக்கு வாங்கினால் பண்டிகை குறைந்துவிடாது.

மூன்றாவது, வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காலபோக வயலில் களையும் பசளையும் முடியும்வரை கணவர் வீட்டில் நிற்பது அரிது. கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளும், இல்லாமலே போன வீடுகளும் எங்களிடம் நிறைய. தாளில் உள்ளவற்றில் வேறு ஒருவர் செய்யக்கூடியது எது, செய்யாமல் விட்டாலும் யாரும் சாகாதது எது என்று குறியிடுங்கள். பிறகு ஒரு அயல்வீட்டுத் தாயோடு பேசி முறை வையுங்கள்: செவ்வாய் பின்னேரம் இரு வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் வீட்டில், வெள்ளி பின்னேரம் அவர் வீட்டில். கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் உடுப்புத் துவைக்கக்கூடாது. எங்கள் ஒழுங்கையில் இப்படிச் சேர்ந்த நான்கு தாய்மார், பின்னேரம் மழையைப் பார்த்துக்கொண்டு விறாந்தையில் இருந்து, சுட்ட பனங்கிழங்கை முறித்து மிளகுத்தூள் தொட்டுச் சாப்பிட்டு, இஞ்சிப் பிளேன்ரீ குடித்தார்கள். அவர்களில் ஒருவர், "மழைச் சத்தத்தை இவ்வளவு நேரம் கேட்டு எத்தனையோ வருசம் ரீச்சர்" என்றார்.

இத்தனையும் செய்த பின்னரும் இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை வராமல், பிள்ளையைத் தூக்கவே மனமில்லாமல், தான் இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்துகொண்டிருந்தால், அது சோம்பலுமல்ல, நன்றிகெட்டதனமுமல்ல. பிள்ளை பெற்ற பின் பல தாய்மாருக்கு வருகிற, மருந்தாலும் பேச்சாலும் மாறக்கூடிய நோய். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே யாரிடமாவது சொல்லி, தனியே இருக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய உளநல உதவிச் சேவையிடம் பேசலாம். அவ்வளவு தூரம் போகாத நிலையில், பிள்ளையின் எடை பார்க்கும் நாளில் குடும்பநல உத்தியோகத்தர் அட்டையில் எடையைப் பதிந்துகொண்டிருக்கும்போதே, பிள்ளையின் இருமலைச் சொல்வதற்கு முன், "மிஸ், எனக்கும் நித்திரை இல்லை" என்று சொல்லுங்கள்.